கட்டைவிரல் நின்ற இடம்

மாடல் காரின் தரத்தைப் பார்க்க மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வார்கள். முராகோஷி கண்ணை மூடிக்கொள்வார். பெயின்ட் அடிக்காத வெள்ளை பிளாஸ்டிக் உடலை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலால் முன்னிருந்து பின்னாக மெதுவாகத் தடவுவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே கோளாறு. அதற்கு அப்புறம்தான் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளப்பார். மாடல் நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு; வந்த அளவை இருபத்துநாலால் பெருக்கி, நிஜக் காரோடு ஒப்பிடுவார். விரல் சொன்னதை அளவு பொய்யாக்கியதாகச் சரித்திரமே இல்லை.

மாதம் ஒரு பக்கம் பத்திரிகையில் எழுதுவார். ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து மாடல் கம்பெனிக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் காலைச் சோறு இறங்கும். மீதிப் பாதிக்கு அன்று முழுக்க இறங்காது. இப்படி எடுத்த பேர் அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார், நம்ப வேண்டாம்.

ஷிராட்டோரி அவருடைய பள்ளிக்கூடத்துத் தோழன். ஒரு சின்னக் கம்பெனியில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை வடிவமைப்பவர். டயர், பம்பர், ஸ்டீயரிங் என்று உதிரிகளாகவே வரைந்து வரைந்து தலை நரைத்துப் போனவருக்கு, ஐம்பதை நெருங்கும்போதுதான் ஒரு முழுக் காரைக் கொடுத்தார்கள். அதுவும் எந்தக் கார்? ஹயாசே கூபே.

இருவருக்கும் பதினெட்டு வயதில், ஒரு தேயிலை வியாபாரி அந்தக் காரை ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். இவர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு புடைத்துக்கொண்டு வரும் அழகை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று ஒரு நாள் வியாபாரி விரட்டினார். ஷிராட்டோரி பயந்து ஓடினார். முராகோஷி தொட்டுவிட்டுத்தான் ஓடினார்.

அந்த ஹயாசேயின் முதல் சாம்பிள் உடலை, ஒரு பனிக்கால மாலையில், துண்டில் சுற்றி ஓடென் கடைக்கு எடுத்து வந்தார் ஷிராட்டோரி. ஓடெனுக்கான கருத்த குழம்பில் முள்ளங்கியும் முட்டையும் கொதித்துக்கொண்டிருந்தன.

"டேய், இது கம்பெனிக்குத் தெரியாது. வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். சீக்கிரம் பாரு."

"வேலை போனா இங்க வந்து சேந்துக்குங்க," என்றார் கடைக்கார அக்கா. "முள்ளங்கி சீவ ஆள் வேணும்."

"உங்க கடையில சேந்தா எனக்கு வயிறு போயிடும்க்கா."

"தினம் வந்து நாலு தட்டு திங்கும்போது போகாத வயிறா?"

முராகோஷி கண்ணை மூடிக்கொண்டார். விரல் பானெட்டைத் தாண்டியது. முன் கண்ணாடியின் சரிவைத் தாண்டியது. கூரை மேல் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளுக்குள் அசந்துபோனார் மனிதர்; இவ்வளவு நன்றாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பின் மட்கார்டுக்கு வந்தபோது விரல் நின்றது. புடைப்பு போதவில்லை. அரை மில்லிமீட்டர் இருக்கும். நிஜக் காரில் ஒரு விரல் கனம்.

"என்னடா?" என்றார் ஷிராட்டோரி.

"நல்லா வந்திருக்கு."

"முழுசாவா?"

"முழுசாத்தான். போதுமா? முட்டையை எடு, ஆறுது."

ஏன் சொல்லவில்லை? நண்பன் முகம் அவ்வளவு பூரித்திருந்தது, அதைக் கெடுப்பானேன் என்று விட்டதாகப் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாதி உண்மை. மீதி, அன்று வீடு திரும்பிய பஸ்ஸிலேயே உருவாகிவிட்டிருந்தது: 'ஹயாசேயைக் காதலித்தவர்கள் இந்த மாடலை முன்பக்கமாக நின்று பார்ப்பதே நல்லது.' எழுதிவைக்காமலே மனப்பாடம் ஆகிவிட்ட வாக்கியம். குற்றம் இல்லாத பக்கத்தை யார் படிப்பார்கள்? கையில் கிடைத்த குற்றத்தை, வெளியில் விடாமல், தன் பக்கத்துக்கென்று பத்திரப்படுத்திவிட்டார் முராகோஷி.

மே மாதம் ஹயாசே மாடல் பெட்டியில் கடைகளுக்கு வந்தது. பத்திரிகையில் அந்த வாக்கியமும் வந்தது. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது. பெட்டிகள் கடைகளில் தூசி படிந்து கிடந்தன. கம்பெனி ஷிராட்டோரியை மறுபடி டயர் வரைய அனுப்பிவிட்டது.

முராகோஷி ஓடென் கடைக்குப் போவதையே தவிர்த்தார். கடைசியில் ஒரு மாலை, இனி ஒளிந்து பயனில்லை என்று போனார். ஷிராட்டோரி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம்கூட விட்டார்.

"நீ எழுதினது சரிதான்," என்றார். "அரை மில்லி குறைச்சல். நானும் அளந்து பாத்தேன்."

"டேய், அன்னைக்கு நான்..."

"உன் விரல் நின்னுச்சுடா. நான் பாத்தேன்."

முராகோஷி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"எனக்கும் அந்த இடத்துலதான் சந்தேகம்," என்றார் ஷிராட்டோரி. குரலில் கோபமே இல்லை. "அதுக்குத்தான் உன்கிட்ட தூக்கிட்டு வந்தேன். தேயிலைக்காரன் காரைத் தொட்டவன் நீதானே, நான் தொட்டதே இல்லையே. நீ கண்ணைத் தொறந்து முழுசா நல்லாருக்குன்ன. சரி, நம்ம சந்தேகம்தான் தப்புன்னு மறுநாளே அச்சுக்கு முலாம் போடச் சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடின்னா அரை நாள் வேலை. அச்சோட உள்பக்கம் கொஞ்சம் சுரண்டி விட்டிருந்தா, வண்டி அங்க புடைச்சு வந்திருக்கும். முலாம் ஏறி அச்சு இறுகிட்டா அப்புறம் யாரும் சுரண்ட முடியாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். ஊரிலேயே அது நன்றாகத் தெரிந்தவர் முராகோஷிதான். வெட்கத்தில் அவருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டார். ஷிராட்டோரி "அட விடுடா" என்று சொல்லிவிட்டு, தன் தட்டிலிருந்த முள்ளங்கியில் பாதியை அவருக்கு வைத்தார். நட்பு ஒன்றும் முறியவில்லை. வாரா வாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அக்காவிடம் அதே திட்டை வாங்கினார்கள்.

அதற்குப் பிறகு முராகோஷி மாறினார். எந்தக் கம்பெனிக்காரன் சாம்பிள் கொண்டுவந்தாலும் கண்ட கோளாறையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுவார். அவர் பக்கத்தில் காரம் குறைந்துவிட்டதென்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார். ஊரில் இருப்பவர்கள் எல்லாம் அவரிடம் சாம்பிளைக் கொண்டுவந்தார்கள், ஒருவரைத் தவிர.

சில வருஷம் கழித்து, கம்பெனியில் மேலே இருந்தவர்கள் மாற, ஷிராட்டோரி கைக்கு இன்னொரு முழுக் கார் வந்ததாகக் கேள்விப்பட்டார். கேள்விப்பட்ட நாள் முதல் ஓடென் கடையில் முராகோஷியின் கண் நண்பனின் பையின் மேலேயே இருந்தது. துண்டில் சுற்றிய எதுவும் அதிலிருந்து வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

ஒரு மாலை ஷிராட்டோரி பையைத் திறந்தார். வந்தது, வண்ணப்படம் அச்சடித்து, கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டி.

"முதல் பெட்டி உனக்குத்தான். பிரி."

முராகோஷி பிரித்தார். கண்ணை மூடினார். விரல் பானெட்டைத் தாண்டியது, கண்ணாடியைத் தாண்டியது. கூரையின் பின் ஓரத்தில் நின்றது. உடனே கண்ணைத் திறந்தார்.

"இங்கடா! இந்த ஓரம் ஒரு இழை தட்டையா இருக்கு. அச்சை லேசா சுரண்டினா போதும், நாளைக்கே..."

"கடைக்குப் போயாச்சுடா," என்றார் ஷிராட்டோரி மெதுவாக. "நீ தாராளமா எழுது. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

முராகோஷி அந்த வெள்ளை உடலை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

"அடுத்ததை முன்னாடியே கொண்டு வாடா. முலாம் போடறதுக்கு முன்னாடி. கொண்டு வருவியா?"

ஷிராட்டோரி சிரித்தார். அன்பான சிரிப்புதான். கொதிக்கும் குழம்பிலிருந்து ஒரு முட்டையை எடுத்து நண்பனின் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு," என்றார். "ஆறிடும்."