இரவல் வாங்கிய ஆண் வாத்து

அடைக்கூடையிலிருந்து திடீரென்று கீச்சுக் கீச்சென்று சத்தம். கண்ணாத்தாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். வாத்துக்குஞ்சுகள்!

குழந்தையில்லாத தம்பி செல்லதுரைக்கு இரண்டாவதாகப் பெண் பார்க்கத்தான் அவள் நன்னிலத்திலிருந்து வந்திருந்தாள்.

"எப்பவும் கூமுட்டையாவே போகுமே! நான் சொன்னபடி பெட்டையை மாத்தினியா?" என்று தம்பி மனைவி அம்சவல்லியைக் கேட்டாள்.

"ரெண்டு தடவை மாத்தியும் கூமுட்டைதான் அண்ணி. இந்தத் தடவை கடைத்தெரு ஆயிஷா வீட்டு ஆண் வாத்தை இரவல் வாங்கிப் பெட்டையோட விட்டேன். பொரிச்சிடுச்சு."

"நம்ம ஆண் வாத்துக்கு என்னடி கேடு? மாப்பிள்ளை மாதிரி நடக்குதே!"

"குஞ்சுலேருந்து பண்ணை வயல்ல, பூச்சிமருந்துத் தண்ணியிலயே மேஞ்சது. அதனாலயோ என்னமோ!"

கண்ணாத்தாளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூலித் தகராறில் மற்ற ஆட்கள் விலகியபின் பண்ணையில் தனியாளாய் உழைக்கும் செல்லதுரை அப்போதுதான் திரும்பியிருந்தான். முதுகிலிருந்த மருந்து டின்னை இறக்கக்கூட மறந்து, குழப்பத்தோடு குஞ்சுகளையே பார்த்தான்.

"மருந்தாவது மண்ணாவது! கிளம்புடா, பொண்ணு வீட்டுல காத்திருப்பாங்க."

"அக்கா, வாத்து அந்தத் தண்ணியில மேஞ்சதோட சரி. மருந்தைக் கையால கலக்கி அடிக்கிறவன் நான்தானே?"