ஒற்றைக்கால் தடம்

சாசேஜ் வேகவேண்டிய நெருப்பில் தைஸ்தோவின் இடது ஸ்கீ வெந்துகொண்டிருந்தது.

நெருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பனியில் சறுக்கும் அந்தப் பலகையின் அடியில் தடவிய மெழுகு நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஸ்கீயைப் பாதையோரச் சாய்ப்புக் குடிலின் அடுப்புக் கல்லில் சாய்த்து வைத்தவர் தைஸ்தோ. சாய்த்துவிட்டுக் கடுகுச் சாந்து டப்பாவின் மூடியோடு மல்லுக்கு நின்றவரும் அவரேதான். மூடி திறந்தது. திரும்பிப் பார்த்தால் ஸ்கீ நழுவி உள்ளே போய், பிளாஸ்டிக் நாற்றத்தோடு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயதில் ஐம்பத்தாறு வருடம் ஸ்கீயில் கழித்த மனிதர். ஊரில் யார் கேட்காவிட்டாலும் மெழுகைப் பற்றி அறிவுரை சொல்கிறவர். அவர் செய்த முதல் காரியம், யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தது. இரண்டாவது காரியம், சாசேஜைத் தின்று முடித்தது. கடுகோடு.

வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்.

பாதை அந்தக் குளிர்காலத்தில்தான் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வலது ஓரம், தடம் போடும் பெர்த்தி தன் வண்டியால் அழுத்திப் பதித்த இரண்டு காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள், ஸ்கீக்காரர்களுக்கு. இடது பக்கம், உருட்டிச் சமன் செய்த அகலமான பட்டை. நடப்பவர்கள், நாய்கள், தடித்த டயர் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அதில். ‘எல்லோருக்குமான பாதை’ என்று நகராட்சி பலகை வைத்தது. தைஸ்தோவுக்கு அது தேவாலயத்தின் நடுவே பஸ் நிறுத்தம் கட்டியதுபோல இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையின் வாசகர் குறுஞ்செய்திப் பக்கத்தில் ‘தடத்தின் காவலன்’ என்ற பெயரில் எழுதினார்: ‘இடது பக்கத்தில் என் பூட்ஸ் ஒருநாளும் படாது.’ காவலன் யார் என்பது ஊரில் நாய்களுக்குக்கூடத் தெரியும்.

நல்ல, கெட்டியான, நடப்பதற்கென்றே செய்த அந்தப் பட்டை இப்போது அவருக்கு ஒரு கை தூரத்தில் கிடந்தது. ஆனால் அச்சில் வந்துவிட்டதே. வலது காலில் மிச்சமிருந்த ஸ்கீயை மாட்டினார். இடது காலில் வெறும் பூட்ஸோடு ஸ்கீ காடியிலேயே கிளம்பினார். ஒரு சறுக்கல், ஒரு குழி. மறுபடி ஒரு சறுக்கல், ஒரு குழி. மதிய வெயிலில் பனி இளகியிருந்ததால் பூட்ஸ் கணுக்கால்வரை இறங்கியது. உழவு மாடு ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் சக்கரம் மாட்டிவிட்டதுபோல அவர் ஊரைப் பார்த்துப் போனார்.

போகிற வழியில் அந்த வளைவு வந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் பார்வையை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

ஜனவரியில் அங்கேதான் பிள்ளை வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஸ்கீ காடியின் மேலேயே நடந்து வந்தாள். முகம் முழுக்கக் கம்பளித் துணி. “கண்ணு எங்க இருக்கு? இது என்ன, பிள்ளைய உருட்டுற இடமா?” என்று கத்தினார். அவள் துணியை இறக்கினாள். மருமகள் வில்யா. வண்டிக்குள் ஐந்து மாதப் பேரன் ஏலிஸ். தைஸ்தோ நிற்கவில்லை. ஊன்றுகோலை இன்னும் இரண்டு குத்து குத்திப் போய்விட்டார். போனதோடு விட்டாரா, அன்று மாலையே பத்திரிகைக்கு ‘பிள்ளை வண்டிக்காரிகளுக்கு ஒரு வார்த்தை’ என்று செய்தியும் அனுப்பினார்.

அன்றிலிருந்து வில்யா மரியாதையாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது. மகன் சுரங்க வேலைக்குப் போனால் இரண்டு வாரம் வரமாட்டான். பேரனைச் சின்னச் சறுக்கு வண்டியில் கட்டி வெளியே கொண்டுபோக இந்தக் குளிர்காலம் முழுக்கத் தைஸ்தோ கேட்டுவிட்டார். பதில் ஒன்றேதான்: “பாப்போம் மாமா.” இந்த மார்ச் முடிந்தால் பனி போய்விடும்.

ஸ்கீ வெந்த அன்றிரவு மைனஸ் பத்தொன்பது டிகிரி. குழிகள் சிமெண்ட் போட்டதுபோல இறுகின.

மறுநாள் காலை பெட்ரோல் பங்கின் காப்பி மேசையில் வேறு பேச்சே இல்லை.

“அஞ்சு கிலோமீட்டர்,” என்றார் பெர்த்தி. “இடது காடில மட்டும். குழிக்குக் குழி ஒரே இடைவெளி, அளந்து வெச்ச மாதிரி.”

“ஒத்தக்கால் கடமானா இருக்குமோ?” என்றாள் காப்பி ஊற்றிய ஐரா.

“கடமானுக்கு ஸ்கீ யாரு வாங்கிக் குடுத்தா?”

தைஸ்தோ ஏலக்காய் பன்னைப் பிய்த்தார். “நடக்கிற கூட்டந்தான் எவனாச்சும். அவனுங்களுக்குத் தடத்தோட அரும எங்க தெரியுது.” வாய் பழக்கதோஷத்தில் தானாகப் பேசியது. காது மட்டும் சூடாகியது.

“அப்படித்தான் இருக்கும்,” என்ற பெர்த்தி, சர்க்கரை போடாத காப்பியை நெடுநேரம் கலக்கினார். “சாய்ப்புக் குடில் அடுப்புல பாதி ஸ்கீ கெடந்துச்சு. நல்ல ஸ்கீ.”

“யாரோடதுன்னு தெரியுதா?” என்றார் தைஸ்தோ.

“பாதிய வெச்சு என்னத்தச் சொல்ல.”

“யோவ், தெரியுமா தெரியாதா?”

“காப்பி ஆறுது, குடி.”

மேசையில் ஒருவரும் தைஸ்தோவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒருவர் முகத்தை யாருமே பார்க்கவில்லை என்றால், விஷயம் பாதிரியார்வரை போய்விட்டது என்று அர்த்தம். ‘நீதான்யா’ என்று ஒருவன் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருக்கலாம்.

பங்கிலிருந்து நேராக வில்யா வீட்டு வாசலுக்குப் போய், யாரும் கேட்காமல் பனியை வாரத் தொடங்கினார். ஏற்கெனவே வாரிய வாசல். கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வில்யா நின்றாள்.

“அங்க வாருறதுக்கு ஒண்ணும் இல்ல மாமா. தரை தெரியுது.”

“ஓரம் கொஞ்சம் பிசிறா இருந்துச்சு.”

“ம்.”

அவர் பனி வாரும் மண்வெட்டியை ஊன்றி நின்றார். “அந்தக் குழியெல்லாம் போட்டது நாந்தாம்மா. ஸ்கீய அடுப்புல விட்டுட்டேன்.”

“ஊருக்கே தெரியுமே. எனக்கு மட்டும் நாலு பேரு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. ஒருத்தர் படம் வரஞ்சு அனுப்பியிருக்காரு. பக்கத்துலயே நடக்கிற பாதை இருந்துச்சே, அதுல வந்தா என்ன?”

“பத்திரிகைல எழுதிட்டேனே.”

வில்யாவின் உதடு ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பா என்று அவர் உற்றுப் பார்ப்பதற்குள் நேராகிவிட்டது. பையன் அவள் தலைமுடியை வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“அன்னிக்கு உன்னையப் பாத்தும் நிக்காம போயிட்டேன்,” என்றார் தைஸ்தோ. “அது எறக்கம். சட்டுனு நிக்க முடியல.”

“அது ஏத்தம் மாமா.”

 ஐம்பத்தாறு வருடமாக அவர் ஏறிய ஏற்றம்.

“ஏத்தந்தான்,” என்றார் கடைசியில். “வெக்கமாப் போச்சு. நின்னா என்ன சொல்றதுன்னு தெரியல, ஓடிட்டேன். வீட்டுக்கு வந்து அதையும் எழுதி அனுப்பிட்டேன், நான் செஞ்சது சரின்னு எனக்கே நிரூபிக்கணும்ல. தப்பும்மா. மன்னிச்சுக்க.” பையனின் காலுறை ஒன்று கழன்று பனியில் விழுந்தது. குனிந்து எடுத்தார், துடைத்தார், கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார். “இவன எங்கூட அனுப்புவியா, மாட்டியா? மாட்டேன்னா மாட்டேன்னே சொல்லிடு, கேட்டுக்கிறேன். பாப்போம்னு மட்டும் சொல்லாத. காலைலேர்ந்து ஒருத்தனும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல.”

வில்யா அவர் முகத்தைப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து அப்படிப் பார்த்த முதல் ஆள்.

“கோவம் இன்னும் போகல,” என்றாள். “நீங்க கத்தினதுக்கு இல்ல. மூணு நாளாத் தூக்கமில்ல எனக்கு அப்ப, எந்தப் பக்கம் நடக்கிறேன்னுகூடப் பாக்கல, தப்பு என்மேலதான். நான்னு தெரிஞ்சதுக்கப்புறமும் போனீங்க பாருங்க, அதுக்குத்தான் கோவம். அது போக நாளாகும். ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு வாங்க, அனுப்புறேன்.”