பன்னிரண்டு தட்டுகளில் ஒரு மனைவி

செத்து மூன்று வாரம் ஆன பிறகும் ஆய்வகக்காரரின் மனைவி, இரண்டாம் மாடியில் ஒரு கண்ணாடித் தட்டில், நிமிடத்துக்கு அறுபத்து நான்கு முறை துடித்துக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சையில் எடுத்த கடுகளவு இதயச் சதையை, அவள் சம்மதத்தோடுதான், அவர் செல் செல்லாகப் பிரித்து வளர்த்தார். பெரியவர்களின் இதயச் செல் இப்படி வளராது என்றார் மேலதிகாரி. வளர்ந்தது. முதலில் செல்கள் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் துடித்தன. ஒட்டிக்கொண்டதும் நடுச்சுவரில் நுண்ணிய வாசல்கள் திறந்து, இந்த வீட்டு உப்பு அந்த வீட்டுக்குப் போயிற்று. சுண்ணாம்புச் சத்து உள்ளே வந்தால் எல்லாம் சேர்ந்து சுருங்கின, வெளியேறினால் சேர்ந்து தளர்ந்தன.

தட்டு நிறைந்ததும், ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கட்டும் என்று, எந்த ஆய்வகக்காரரும் செய்வதுபோல அவர் அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மூன்று மாடிகளிலும் வைத்தார். அதுதான் வினையாகிப்போனது. பன்னிரண்டும் ஒரே நேரத்தில் துடித்தன. அந்த வாரமே காவலாளி, லிஃப்ட்காரர், மேலதிகாரி எல்லோருக்கும் நாடி அறுபத்து நான்கு. மாடியேறினாலும் அதே, கோபப்பட்டாலும் அதே. மேலதிகாரிக்குக் கோபம் பாதியிலேயே நின்றுவிடுவதில் பலருக்கு நிம்மதி.

இரண்டு நாளைக்கொருமுறை தட்டில் சத்துநீர் மாற்ற வேண்டும். தவறினால் கழிவு சேர்ந்து இளஞ்சிவப்பு நீர் மஞ்சளாகும். ஒருமுறை அவர் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தார். நீர் மஞ்சளானது. கட்டிடத்தில் எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். காவலாளி மட்டும் எழுந்திருக்கவே இல்லை. அதன்பின் ஒன்பது வருடம் ஆய்வகக்காரர் தன் வீட்டுக்குப் போகவில்லை, தட்டுகளுக்கு ஊற்றாமல் ஒரு வாய் சாப்பிடவுமில்லை.

வெளியூரிலிருந்து மகள், செல்களைக் கொன்றுவிட ப்ளீச்சிங் கரைசலோடு வந்தாள்.

“அம்மா போயிட்டாங்கப்பா. உங்களையும் பறிகொடுக்கணுமா நான்?”

“இந்தத் துடிப்பு நின்னா என்ன ஆகும்னு தெரியும்ல, கண்ணு?”

“தெரியும். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டேன். நீங்களும் போங்க.”

அவர் நகரவில்லை. அவள் கரைசல் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். தொண்ணூறில் ஓடிக்கொண்டிருந்த அவள் நாடி மெல்ல இறங்கி அறுபத்து நான்கில் நின்றது. பிறப்பதற்கு முன்பே கேட்ட துடிப்பு அது. அவள் வாய்விட்டு அழுதாள், பிறகு கையுறை எங்கே என்று கேட்டாள்.

அன்று அப்பாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் தத்தம் இருக்கைக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டு தட்டிலும் நீர் மாற்றி முடித்து, மகள் வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அம்மாவுக்கு ஊத்தியாச்சுப்பா. நீங்க சாப்பிடுங்க.”