சாத்துக்குடிக்குத் தண்ணீர் விட்டவர்

லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, வீட்டில் அவருக்கென்று மிஞ்சியது ஒரே வேலைதான்: கொல்லைச் சாத்துக்குடிக்குத் தண்ணீர் விடுவது. காலையிலும் மாலையிலும் இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு அடிமரம் குளிரக் குளிர நனைப்பார். மண் கரைந்துவிடக் கூடாதென்று காலாலேயே தள்ளித் தள்ளி மரத்தைச் சுற்றி மேடும் கட்டியிருந்தார்.

அந்த மரம்தான் இப்போது இலை மஞ்சளடித்து நின்றது. அடியில் பட்டை வெடித்து, பிசின் வடிந்து காய்ந்திருந்தது. தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி அதைப் போனில் படமெடுத்துப் போய், நாற்றுப்பண்ணை நடத்தும் பெண்ணிடம் காட்டினாள். பட்டையைச் சீவிப் பார்க்கச் சொன்னாள் அந்தப் பெண். உள்ளே பச்சையென்றால் உயிர் இருக்கிறது, பழுப்பென்றால் அழுகல். பிறகு கேட்டாள்: "அடியில தண்ணி தேங்குதாக்கா?"

தேங்குவது அவர் விடும் தண்ணீர்தான் என்று தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் மனுஷன் இடிந்துபோவார்; சொல்லாவிட்டால் மரம் போய்விடும். மழையின் மேல் பழியைப் போடலாமா என்றுகூட யோசித்தாள். மழை எட்டிப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது.

மறுநாள் காலை அவளே கத்தியோடு மரத்தடியில் உட்கார்ந்து, மேட்டு மண்ணை விலக்கிச் சீவினாள். ஒரு பக்கம் பழுப்பு, புளித்த வாடை. மறுபக்கம் பச்சை. குழாயும் கையுமாக அவர் பின்னால் வந்து நின்றார்.

"நான் ஊத்தின தண்ணிதானே?"

அவள் மழுப்பவில்லை. "ஆமாங்க. அடிமரம் காயவே இல்ல, அதான் அழுகிடுச்சு. ஒரு பக்கம் நல்லாத்தான் இருக்கு."

குழாயைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. அழுகிய பட்டையைப் பச்சை தெரியும்வரை செதுக்கிக் காயவிட்டாள். மாலையில், அழுகல் பரவாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைப் பூச ஆரம்பித்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"மரத்துல இருக்கறதைவிட உன் புடவையிலதான் அதிகம் இருக்கு. கொடு இப்படி."

இடது கையால் கோணல்மாணலாகப் பூசினார். வாளியை அவருக்கு எட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றாள்.

பெரிய கிளை ஒன்று பிழைக்கவில்லை. ஆள் வைத்து வெட்டினார்கள். தண்ணீர் இப்போது அடிமரத்தை விட்டுத் தள்ளி வெட்டிய வாய்க்காலில் மட்டும்தான். அதையும் மண்ணில் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். பல நாள் வேண்டாமென்று திரும்பி வந்துவிடுவார்.

அந்த வருஷம் காய் பிடிக்கவில்லை. பச்சையாக இருந்த பக்கத்தில் துளிர் விட்ட அன்று, தைத்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் எழுப்பி, கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.