சோபாவுக்கு முகம் காட்டாத பவளம்

"வாய் எதுக்கு இருக்கு, சாப்பிட மட்டுமா?" என்று கணக்கு டீச்சர் என்னை ஒருமுறை கேட்டார். வகுப்பே சிரித்தது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அண்ணன் வீட்டுக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்டார்கள். சொற்கள் மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

கூடத்தில் கடல் உயிர்கள் வளர்க்கும் அண்ணனின் கண்ணாடித் தொட்டி இருந்தது. உப்புத் தண்ணீர், நீல விளக்கு, அலை கிளப்ப ஒரு சின்ன மோட்டார். வாங்கியது அவன். கண்ணாடி துடைப்பது, ஆவியாகிற தண்ணீரை ஊற்றி நிரப்புவது எல்லாம் நான். அதில் விரல் விரலாக நீண்டு ஆடும் பச்சைப் பவளம் ஒன்று கொஞ்ச நாளாகச் சுருண்டு கிடந்தது. ஓரத்தில் சதை கிழிந்து, எலும்பு மாதிரி வெள்ளைக் கூடு தெரிந்தது.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் வந்து தண்ணீரைச் சோதித்தார். "உப்பு சரி, சூடு சரி. இது மட்டும் ஏன் முறைச்சுக்கிட்டுக் கிடக்குதுன்னு தெரியலையே. அழுகுச்சுன்னா மத்ததையும் கெடுத்துடும் சார்."

"ஞாயித்துக்கிழமை எங்க ஆபீஸ் மேனேஜர் வர்றார். அன்னிக்கும் விரியலைன்னா குப்பைதான்" என்றான் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன். அண்ணன் வெளியூர் போயிருந்த வாரம் பவளம் நன்றாகத்தான் விரிந்திருந்தது. அவன் திரும்பினான், நண்பர்கள் வந்தார்கள், மறுநாள் சுருண்டது. அப்போதுதான் உறைத்தது. விருந்தாளி வரும்போதெல்லாம் அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பாறை மறைவில் இருக்கும் பவளத்தை எடுத்து சோபாவுக்கு நேராக வைப்பான். அவர்கள் போனதும் பழையபடி மூலைக்கு. அந்த நேரமெல்லாம் மோட்டார் தண்ணீர் அதன் மேல் நேராக அடிக்கும்.

அண்ணியிடம் சொன்னேன்.

"உங்க அண்ணனுக்கு யாரு மணி கட்டுறது? நீயே கட்டு" என்று சிரித்தார்.

அந்த வாரம் யாரும் வரவில்லை. சனிக்கிழமை பவளம் ஒரு விரல் நுனியை நீட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரும் அவர் மனைவியும் சோபாவில் உட்கார்ந்ததும் அண்ணன் சட்டைக் கையை மடித்தான். நான் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"கை வைக்காதே அண்ணா."

"தள்ளு."

"மாட்டேன்."

மேனேஜர் சிரித்தார். "உங்க தங்கச்சி வாயே தொறக்காதுன்னு சொன்னீங்க?"

"நீ ஒவ்வொரு தடவையும் அதை முன்னால கொண்டுவந்து வைக்கிறே. மோட்டார் தண்ணி மூஞ்சியிலயே அறையுது. அதான் சுருண்டுக்குது."

"வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காதே. அதுதான் எப்படியும் சாகப்போகுதே!"

"சாகாது. பாக்கணும்னா அவங்க எழுந்து வந்து பாக்கட்டும்."

நான் தொட்டியை விட்டு நகரவில்லை.

மேனேஜரின் மனைவி எழுந்து வந்து, தொட்டியின் பக்கவாட்டில் குனிந்தார். "அட, ரெண்டு விரலை நீட்டிக்கிட்டு ஒளிஞ்சு உக்காந்திருக்கே! கூச்சமோ?"

"கூச்சம் இல்லீங்க" என்றேன். "அதுக்கு அந்த இடம்தான் வேணும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். பவளத்தைப் பார்த்தான். மடித்த கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பிறகு விருந்தாளிகளைக் கூடத்திலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, யாருக்கும் முகம் காட்டாமல் வெளியே போனான்.