காற்றுக்காகச் செப்பனிட்ட வீடு

என் கணவர் அங்கமுத்து நூற்கண்டிலிருந்து ஒற்றை இழையை அறுத்தெடுத்தார். அதனை விரல் நுனியில் தொங்கவிட்டவாறு, தாம் புதிதாகச் செப்பனிட்டிருந்த வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் மெல்ல நடந்து சென்றார். கதவின் இடுக்கிலே ஒரு முறை நின்றார். கூரை ஓடும் சுவரும் கூடுகின்ற இடத்திலே, அம்மியின் மேல் ஏறி நின்று, கையை உயர்த்திப் பிடித்தார். இழை அசையவில்லை. எங்கள் குடும்பத்தில் தறி பூட்டுவதற்கு முன்னர் அறையை இவ்வாறே சோதிப்பார்கள். இழை ஆடினால் அவ்விடத்தில் காற்று நுழைகின்றது என்பது பொருள். காற்றுப் பட்டால், தறியில் நீளவாட்டில் பூட்டிய பாவு நூல் உலரும். உலர்ந்த பாவு அறும். அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தால் அன்றைய கூலி போயிற்று.

"பாத்துக்கிட்டியா புள்ள? செத்த பாம்பாட்டம் தொங்குது. ஒரு பொட்டுக் காத்து உள்ள வரலை" என்றார்.

"கொத்தனார வெச்சுக் கட்டியிருந்தாக்கூட இத்தன நேர்த்தி வராதுங்க" என்றேன் நான். உண்மையாகவே அவ்வாறு எண்ணினேன். பாயில் சாய்ந்தபடி, ஈரம் மாறாத அவ்வீட்டின் குளிர்ச்சியையும் மங்கலான ஒளியையும் கண்டு, பிறந்ததிலிருந்து நான் அறிந்த தறிவீட்டைப் போலவே இருக்கின்றது என்று மகிழ்ந்தேன். பிறகு இருமினேன்.

நான் எதற்காக அங்கே கொண்டுவரப்பட்டேன் என்பதை இங்கே கூறுதல் முறையாகும். யுத்தத்தினால் நூல் கிடைக்காமல் ஜலகண்டாபுரத்தில் தறிகள் ஓய்ந்துகிடந்த காலம் அது. எனக்கு மாலைதோறும் காய்ச்சல் கண்டது. இருமலில் ஒரு நாள் இரத்தம் வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியிலே டாக்டர் என் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, காசம் என்றார். நல்ல பால், முட்டை, ஓய்வு, எல்லாவற்றிற்கும் மேலாகக் கடற்காற்று வேண்டும் என்றார்.

"கடலு எங்கீங்க இருக்குது?" என்று என் கணவர் கேட்டார்.

"பட்டணத்துல இருக்கு. நாகப்பட்டணத்துல இருக்கு."

என் கணவர் தம் கைகளைப் பார்த்தார். "ஏரி ஆவாதுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் நல்லவர். சிரித்து முடித்த பிறகு எங்கள் இருவரையும் நன்றாகப் பார்த்து, "ஆகும். பெரிய ஏரியா இருந்தா ஆகும். தண்ணி மேல தடையில்லாம வர்ற காத்துதானே வேணும்" என்றார். அவர் அன்று ஆகாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் மறுபேச்சின்றி வீடு திரும்பியிருப்போம். ஆகவே முதலாவது நன்றி அவருக்கு உரியது.

வீட்டிலோ என் கணவரின் தமையனார் கண்ணுசாமி வேறு முடிவு செய்து வைத்திருந்தார். "அவளை அயோத்தியாப்பட்டணத்துக்கு அனுப்பிப்போடு. பொறந்த ஊட்டுல பாத்துக்கட்டும். ஒரே ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்கல்ல" என்றார். அவர் கொடியவர் அல்லர். தம் குழந்தைகளுக்காக அஞ்சினார். இருப்பினும் இந்நோயுடன் பிறந்த வீட்டிற்கு அனுப்பப்பட்ட பெண்கள் மீண்டு வந்ததை எங்கள் தெருவில் எவரும் கண்டதில்லை. என் கணவர் தமையனாரிடம் எதிர்வாதம் செய்யவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போனார்.

அங்கே, அந்தப் பெரிய ஏரியின் கரைக்கு அருகில், சடையன் என்னும் விவசாயிக்கு ஓர் ஒற்றை அறை வீடு இருந்தது. சடையனும் அவர் மனைவி சின்னாயியும் சந்தையில் எங்களிடம் சேலை வாங்குபவர்கள். அவ்வீட்டின் ஓடுகளில் பாதி விழுந்திருந்தது. இரண்டு சன்னல்களையும் கரையான் தின்றிருந்தது. வாடகை எவ்வளவு என்று என் கணவர் கேட்டதற்குச் சடையன், "பாம்பு இத்தன நாளா வாடகையா குடுத்துச்சு? நீங்க இருங்க" என்றாராம். இரண்டாவது நன்றி அவருக்கு.

என் கணவர் அங்கேயே தங்கி, கையில் காசில்லாமலே அவ்வீட்டைப் புதுப்பித்தார். இடிந்த வீடொன்றின் ஓடுகளைச் சுமந்து வந்தார். பனஞ்சட்டங்களைக் கொண்டு கதவு செய்தார். சூளையில் கழித்துப் போட்டிருந்த சுண்ணாம்புக் கற்களைக் கேட்டு வாங்கி, ஊறவைத்து, அதனோடு எங்கள் சாயத் தொட்டியின் அடியில் தங்கியிருந்த நீலத்தைக் கலந்து சுவர்களுக்குப் பூசினார். கடல் நீல நிறம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடலுக்குப் போக இயலாதவளுக்குக் கடலின் நிறமாவது இருக்கட்டும் என்று கருதினார் போலும். கொட்டாங்கச்சிக் கரியைச் சாணத்தோடு குழைத்து மெழுகிய தரை, கருங்கல்லைப் போல் மின்னியது. பாவின் முனையில் வீணாகும் நூல் துண்டுகளை முடிந்து, எனக்காக ஒரு பல வண்ணப் போர்வை நெய்திருந்தார். நூல் கட்டுகளின் மேல் மில்காரர்கள் ஒட்டி அனுப்பும் வண்ணப் படங்களை, கிருஷ்ணரும் யானையும் மயிலும் இங்கிலீஷ் சீமாட்டியுமாக, எத்தனையோ ஆண்டுகளாய்ச் சேர்த்து வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவற்றையெல்லாம் கஞ்சிப் பசையால் நான் படுக்கும் இடத்திற்கு நேரெதிரே ஒட்டியிருந்தார். கரையான் தின்ற சன்னல்களைப் பெயர்த்தெறிந்து, சுடாத பச்சைச் செங்கல்லால் அடைத்திருந்தார். ஓட்டின் அடியில் இருந்த இடைவெளிகளை வைக்கோலும் களிமண்ணும் கொண்டு பூசியிருந்தார். நாள்தோறும் காலையில், தறிக்குழியைச் சுற்றித் தெளிப்பது போலவே, தரையில் தண்ணீர் தெளித்தார். யாதொரு குறையும் இல்லை.

இருந்தும் நான் தேறவில்லை. வெளியே நிழல் தரும் மரம் இல்லாமையால் பகல் முழுவதும் உள்ளேயே கிடந்தேன். இருமல் வளர்ந்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. சின்னாயி காலையில் பால் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள்; நோயின் காரணமாக நான்தான் அவளை உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் இருமலைக் கேட்டு என் கணவர் தூக்கத்தினின்று எழுந்து அமர்வார். "எங்கயோ காத்து நொழையுதாட்ட இருக்குது. அதான் உனக்கு ஒத்துக்கலை" என்பார். மறுநாள் மீண்டும் களிமண் குழைப்பார். கதவின் கீழே சாக்கைச் சுருட்டி வைப்பார். நானும் படுத்தபடியே, "அந்த மூலையில பாருங்க, வெளிச்சம் தெரியுது" என்று விரலால் சுட்டிக் காட்டுவேன். அதையும் அடைப்பார்.

இறுதியில் ஒரு நாள் அவர் என் அருகில் வந்து அமர்ந்தார். "ஏரிக் காத்துக்குக் கேக்கலை புள்ள. டாக்டரு கடலுன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஏரின்னு கேட்டுட்டேன்" என்றார். அயோத்தியாப்பட்டணம் என்னும் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போர்வையை மடித்து மூட்டையில் வைத்தார், அதுவே பேச்சாயிற்று.

சடையன் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். என்னைத் தாங்கிப் பிடித்து ஏற்றுவதற்காகச் சின்னாயி, நான் தடுத்ததையும் கேளாமல், அன்றுதான் முதன்முறையாக உள்ளே வந்தாள். வந்தவள் வாசல்நிலையைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள், பக்கங்களில் பார்த்தாள்.

"ஏம்மா, இதென்ன ஊடா, கம்பங்குதிரா? கம்பைத்தான் நாங்க இப்புடி மொழுகி மூடி வெப்போம். இங்க ரெண்டு சன்னல் இருந்துச்சே, எங்க?"

"அடச்சிட்டனுங்க" என்றார் என் கணவர்.

"எதுக்கு?"

"காத்து வருதுங்களே!"

சின்னாயி என் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தச் சொல் அறையின் நடுவில் நின்று எங்கள் மூவரையும் பார்த்தது போல் இருந்தது. பிறகு சின்னாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்; அதுவும் போதாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க, இங்க வாங்க! காத்துக்குன்னு வந்துட்டு, காத்து வருதுன்னு அடச்சாராமா!" என்று தன் கணவரைக் கூவி அழைத்தாள். சடையன் தலையை நீட்டிப் பார்த்து, "அடங்கொப்புரானே!" என்றார்.

என் கணவர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுண்ணாம்பைப் போல் வெளுத்தது. வெளியேறி, ஏரிக்கரையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் சின்னாயியின் தோளைப் பற்றிக்கொண்டு அவரிடம் சென்றேன். கரையின் மேல் காற்று என் சேலையைப் பிடுங்கியது. நீர்ப்பரப்பு முழுவதும் சிறிய சுருக்கங்கள் எங்களை நோக்கி ஓடி வந்தன. இத்தனையும் எங்கள் சுவருக்கு அப்பால் இருந்திருக்கின்றது.

"தலைதான் டாக்டருகிட்டக் கேட்டுக்கிட்டு வந்துச்சு. கைக்கு யாரும் சொல்லலை. அது பாட்டுக்கு அடச்சிருச்சு" என்றார். "உன்னைக் கொல்லப் பாத்தனே புள்ள."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதுங்களா? மூலை மூலையா நாந்தான காட்டுனேன்? நானும் தறிக்காரன் மவதான்."

"காத்து வந்தா இழை அறுந்துபோயிரும்னே…"

"இங்க தறி ஏதுங்க? நாந்தான் இருக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பினூடே கண்ணீரும் வந்தது. கீழேயிருந்து சடையன், "மாட்டை அவுக்கறதா, ஓட்டறதா? வெயிலு ஏறுதுங்க!" என்று குரல் கொடுத்தார். "அவுத்துடுங்க அண்ணா!" என்று நான்தான் பதில் சொன்னேன். என் குரல் அவ்வளவு தூரம் சென்றது எனக்கே வியப்பாயிருந்தது.

சடையன் கடப்பாரையைக் கொண்டுவந்து, ஏரியை நோக்கிய சுவரைத் தாமே இடிக்க முனைந்தார். என் கணவர் அதனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அடச்ச கையே ஒடைக்கட்டுங்க." ஆனால் ஓங்கிய கடப்பாரை அந்தரத்திலேயே நின்றது. தாம் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய நீலத்தின் மீது அதனை இறக்க அவரால் இயலவில்லை. கண்களை மூடிக்கொண்டார். முதல் அடி விழுந்தது. அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. சடையன் தோளைப் பிடித்து இழுக்கும்வரை இடித்தார். சன்னல் இருந்த அளவைக் காட்டிலும் பெரிய துவாரம் உண்டாயிற்று.

சன்னல் சட்டத்திற்கு மரம் வாங்க வழியில்லை. சடையனின் களத்தில் பழைய வண்டிச்சக்கரம் ஒன்று கிடந்தது. யுத்தத்தில் இரும்பு விலை ஏறியபோது அதன் பட்டையைக் கழற்றி விற்றுவிட்டிருந்தார். அதை உருட்டி வந்தார்கள். "வட்டமா இருக்குதுங்களே" என்று என் கணவர் தயங்கினார். "காத்துக்கு வட்டமென்ன, சதுரமென்ன?" என்றாள் சின்னாயி. சக்கரத்தைத் துவாரத்தில் நிறுத்தி, சுற்றிலும் கல்லும் மண்ணும் வைத்துப் பூசினார்கள். ஆரங்களே கம்பிகளாயின. எதிர்ச்சுவரிலும் ஒரு சன்னலைத் திறந்தபோது, ஏரிக்காற்று ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போகத் தொடங்கியது. கிருஷ்ணரும் மயிலும் சீமாட்டியும் சுவரில் படபடவென்று அடித்துக்கொண்டார்கள். யானை பசையை விட்டுப் பறந்து என் மடியில் விழுந்தது. "அலங்காரமெல்லாம் போச்சு" என்றார் என் கணவர். "போனாப் போவுதுங்க" என்றேன். முகத்தில் தண்ணீரின் வாசனையோடு காற்று வந்து மோதிக்கொண்டே இருந்தது. அது இலவசமாக வந்தது. யாரிடம் நன்றி சொல்வதென்று தெரியாமல் நான் அதற்கே கைகூப்பினேன்.

காய்ச்சல் உடனே நீங்கிவிடவில்லை. சில மாலைகளில் வரும். சில மாலைகளில் வாராது. வந்த நாளில் என் கணவர் உண்ணமாட்டார். அயோத்தியாப்பட்டணம் என்னும் அச்சம் எங்கள் இருவருக்குமிடையே இன்னும் இருந்தது. கோடை சென்றது, ஏரி வற்றி, மீண்டும் நிறைந்தது. தமையனார் ஒரு முறை வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடியே என்னைப் பார்த்துவிட்டு, ஒரு படி அரிசியை வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, விடாது மழை பெய்தது. என் கணவர் அடுப்பின் முன் அமர்ந்து போராடிக்கொண்டிருந்தார். விறகு நனைந்துவிட்டது. புகை மட்டும் வந்தது, தீ வரவில்லை. ஊதி ஊதி அவர் கண்கள் சிவந்தன. "காஞ்ச ஓலை கெடைக்குதான்னு பாத்துட்டு வாரேன். நீ இந்தப் பக்கம் வராத, பொகை" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சடையன் வீட்டிற்கு ஓடினார்.

அடுப்பில் கடைசிக் கங்கு கறுத்துக்கொண்டு வந்தது. அது அணைந்தால் சின்னாயி வீட்டிலிருந்துதான் மீண்டும் நெருப்புக் கொண்டுவர வேண்டும். மழையில் அது எப்படி வந்து சேரும்? நான் எழுந்து சென்று அடுப்பின் முன் குந்தினேன். ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்தேன். நோய் கண்ட நாளிலிருந்து அதனை நான் தொட்டதில்லை. மூச்சை இழுத்தேன். எந்த இடத்தில் அது தடுக்குமோ அந்த இடத்தை எதிர்பார்த்துக்கொண்டே இழுத்தேன். அது தடுக்கவில்லை, மேலும் உள்ளே சென்றது. பிறகு மெதுவாக, நெடியதாக, விட்டேன்.

கங்கு சிவந்தது. அருகிலிருந்த சுள்ளி ஒன்று முனகியது. வாசலில் நிழல் தட்டியதை உணர்ந்தேன். என் கணவர் ஓலைக் கட்டோடு, நீர் சொட்டச் சொட்ட, உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பவில்லை, திரும்பினால் இருமல் வந்துவிடுமோ என்று அஞ்சினேன். குழலை மீண்டும் வாயில் வைத்தேன். அதன் மறுமுனையில் முதலில் ஒரு கங்கு சிவந்தது. பின்னர் அதற்கு அடுத்ததும் சிவந்தது.