லேசாகத்தான்

மரண விசாரணை நடக்கும் அறைக்கு வெளியே, காகிதக் கோப்பையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. டேரன் அதைத் தொடவில்லை.

"நான் லேசாத்தான் புடிச்சேன்னு சொல்லு, மார்லீன். வேற எதுவும் வேணாம்."

"தெரியும்."

"'இறுக்கி'ன்னு வாயில வந்துச்சோ, நான் ஜெயிலுக்குத்தான்."

"வராதுடா. இத்தனை வருஷத்துல வந்திருக்கா?"

வந்ததில்லை. அவளும் தம்பி டேரனும் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் யாரும் யாரையும் இறுக்கிப் பிடித்ததில்லை. லேசாகப் பிடித்தார்கள், லேசாகத் திருப்பினார்கள், லேசாக உட்கார வைத்தார்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

"கெழவர் என்னைக் கடிச்சாரே, அதை எவன் விசாரிக்கிறான்?" என்றான் டேரன்.

"அவர் பல்செட்டு மேசையில இருந்துச்சுடா."

"ஈறாலதான் கடிச்சாரு."

இருவரும் சிரித்தார்கள். கதவு திறந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கறுப்பு அங்கி போட்ட நீதிமன்றப் பணியாள் ராய் தலையை நீட்டினார். வயதானவர், ஒல்லி.

"உன் முறை, வாத்து. பயப்படாதே."

இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் யாரையும் அன்பாக 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உள்ளே முன்வரிசையில், இறந்துபோன கிழவர் ஆட்லியின் மகள் மடியில் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் எழ மறுத்த ஆட்லியை டேரன் எழுப்பியபோது அவர் கை முறிந்தது. அதன்பின் படுத்த படுக்கையாகி, நெஞ்சில் சளி கட்டி இறந்தார். எழுப்பும்போது மார்லீன் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. சட்டப்படி சொல்ல வேண்டியதை முதலில் சொன்னார்.

"உங்க மேலயே குத்தம் வர்ற மாதிரி கேள்வி வந்தா, பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. புரியுதா?"

"புரியுதுங்க."

மகளின் வழக்கறிஞர் எழுந்தார். "உங்க தம்பி அவர் கையை எப்படிப் பிடிச்சார்?"

"லேசா."

"அப்போ ஆட்லி ஏதாவது சொன்னாரா?"

"'மெல்ல, வாத்து, மெல்ல'ன்னார்."

"லேசாப் பிடிச்சா ஏன் அப்படிச் சொல்லணும்?"

"எல்லாருமே அப்படித்தாங்க சொல்லுவாங்க."

முன்வரிசையில் மடியிலிருந்த கோட்டு கீழே விழுந்தது. மகள் அதை எடுக்கவில்லை.

"பிடிச்ச விதத்தைக் காட்ட முடியுமா?"

அதிகாரி தலையசைத்தார். ராய் வந்து அங்கியின் கையைச் சுருட்டினார்.

"பழைய சரக்கு, வாத்து. பாத்து."

மார்லீன் பூவைத் தொடுவதுபோல் தொட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை தன் இடத்தை அறிந்திருந்தது. கட்டைவிரல் முழங்கையின் உள்மடிப்பில் போய் அமர்ந்தது. மற்ற விரல்கள் பின்னால் பூட்டிக்கொண்டன. ஒரு அரைத் திருப்பு. மேலே.

ராய் முனகினார். அவர் குதிகால்கள் தரையை விட்டு எழுந்திருந்தன.

அவள் கையை விட்டாள்.

"இதுதான் லேசாப் பிடிக்கிறதா?" என்றார் வழக்கறிஞர்.

"ஆமாங்க." அவள் பொய் சொல்லவில்லை. "இதுதான்."

ராயின் தோலில் நான்கு விரல்களும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. பிறகு சிவந்தன. அவர் ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றி அவள் முன் வைத்தார். வாத்து என்று சொல்லவில்லை. அங்கியின் கையை இறக்கிவிட்டுக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பிடியை உங்க தம்பி யார்கிட்ட கத்துக்கிட்டார்? இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. முன்னாடியே சொன்னேன்."

மார்லீன் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவன் யாரையும் தூக்கப் பயந்தான். ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டு நிற்பான். காலை உணவு பிந்தியது. இப்போது அவன் யாருக்கும் தெரியாமல் தலையை இடமும் வலமும் ஆட்டினான்.

"என்கிட்டங்க," என்றாள்.